ஸெஸ்ட் = தோல்பூ? மலையகத்துலேருந்து ஒரு யோசனை

எல்லாருக்கும் வணக்கம். கேக், பருப்புன்னு சமையல்ல வாசத்துக்குப் போடுற, தோடம்பழம், தேசிக்காய் மாதிரிப் பழங்களோட திருவின மேல்தோலை இங்கிலீஷ்ல ஸெஸ்ட் (zest)னு சொல்றாங்களே, அதுக்குத் தமிழ்ல என்ன சொல் வைக்கலாம்ங்கிறதுதான் இங்க பேச்சு.

'தோல்சீவல்'னு தம்பி ஒருத்தர் சொன்னது காதுக்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா சீவல்னதும் பாக்குதான் ஞாபகம் வருது, அதோட தோலைச் சீவினா தடிப்பா வந்து வெள்ளையும் சேர்ந்துக்கும். 'தோல் சுரண்டல்' எனக்குச் சுத்தமா வேணாங்க. தேயிலைத் தோட்டத்துல வளர்ந்தவங்களுக்குச் சுரண்டல்னா சம்பளப் பிரச்சினைதான், அந்தச் சொல்லை அடுப்படிக்குக் கொண்டுவர மனசு வரல.

முதல்ல பொருள் என்னன்னு பார்த்துருவோம். தோடம்பழம் (ஆரஞ்சு), தேசிக்காய் (எலுமிச்சை), நாரத்தை எதை எடுத்தாலும் தோல்ல ரெண்டு படை இருக்கு. வெளியில நிறமா இருக்கிற மெல்லிசுப் படையிலதான் குட்டிக்குட்டியா எண்ணெய்ப் பை இருக்கு, தோடம்பழத் தோலை மெழுகுவர்த்திக்கிட்ட மடிச்சுப் பிதுக்கினா படபடன்னு பொறி பறக்குமே, அது அந்த எண்ணெய்தான், அதுல 90 வீதத்துக்கு மேல லிமோனீன்ங்கிற வாசப்பொருள். உள்ளுக்குள்ள வெள்ளைப் படை கசக்கும், அதுல இறுக வைக்கிற பெக்டின் இருக்கிறதால ஜாமுக்கு உதவும், ஆனா ஸெஸ்ட்டுன்னா அது சேரவே கூடாது. ஜம்போலா (பம்ளிமாஸ்) உரிச்சவங்களுக்கு அந்த வெள்ளை எவ்வளவு தடிப்புன்னு சொல்லத் தேவையில்ல. சாறு தர்றது புளிப்பு, வாசம் இருக்கிறது தோல்ல. நம்ம தேயிலை ஏர்ல் கிரேங்கிற வாசனைத் தேயிலையா மாறுறதும் பேர்கமொட்டுங்கிற பழத்தோட தோல் எண்ணெயாலதான்.

இப்ப சொல்லுக்கு வாறேன். திருவின தேங்காயை நாங்க தேங்காய்ப்பூன்னுதானே சொல்றோம், அதே மாதிரி திருவி எடுத்த மேல்தோலுக்குத் 'தோல்பூ'ன்னு வச்சா என்ன? தேசித்தோல்பூ, தோடந்தோல்பூன்னு சேர்த்துச் சொல்லவும் லேசு, மெல்லிசா உதிரியா இருக்கணுங்கிறதும் சொல்லுக்குள்ளயே வந்துருது. தமிழ்நாட்டு நண்பர்கள் தேங்காய்ப்பூன்னா முளைச்ச தேங்காய்க்குள்ள இருக்கிற வெள்ளை உருண்டைன்னு சொல்வீங்க, சரிதான், ஆனா முன்னாடி 'தோல்' நிக்கிறதால குழப்பம் வராது. புணர்ச்சிப்படி தோற்பைன்னு வர்ற மாதிரி 'தோற்பூ'ன்னுதான் எழுதணும்னு ஒருத்தர் கட்டாயம் வருவார், அவர் சொல்றது இலக்கணம்தான், ஆனா தோற்பூன்னு எழுதினா சமையல்காரங்க தோலைத் தேடி நிப்பாங்க, அதனால எனக்கு லகரமே இருக்கட்டும்.

ரவையும் கஜுவும் (முந்திரி) போட்டுச் செய்ற நம்ம லவ் கேக் குறிப்புல எழுதிப் பார்த்தா இப்பிடி வருது: "லவ் கேக்குக்கு ரவையும் கஜுவும் கலக்க முன்னுக்கு, தேசித்தோல்பூவைச் சீனியோட விரலால நல்லா தேய்ங்க." தேய்க்கத் தேய்க்க சீனிமணி அந்த எண்ணெய்ப் பையை உடைச்சு, சீனி ஈரமாகி லேசாப் பச்சை ஏறும், வாசம் முழுக்க அதுல இறங்கிரும். பருப்புக்குன்னா அடுப்பை நிப்பாட்டின பிறகு தூவணும், கொதிச்சா வாசம் பறந்துரும். பழத்தை வெட்டிப் பிழிய முன்னுக்கே திருவிருங்க, பிழிஞ்ச தோல் கிரேட்டர்ல நிக்காது. கடையில வாங்கின இறக்குமதித் தோடம்பழத்துல மெழுகு பூசியிருக்கும், சுடுதண்ணியில தேய்ச்சுக் கழுவிட்டு எடுங்க.

ஒண்ணு மட்டும் இன்னும் சிக்கலா இருக்கு. திருவாம கத்தியால நீட்டு நீட்டா உரிச்சு எடுக்கிறாங்களே, அதுக்குத் தோல்பூ ஒத்துவராது. 'தோல்நார்'னு யோசிச்சேன், ஆனா நார்னா சக்கைங்கிற நினைப்பு வருது. அதுக்கு நல்ல சொல் யாருக்காச்சும் தோணினா எழுதுங்க.