வெள்ளைக் காரு முன்பக்கம் பூரா ஈசல் கறை – பெயிண்ட் கெடாம எடுக்க என்ன வழி?

கோட்டாறுகாரன்:
எல்லாருக்கும் வணக்கம். திருநெல்வேலியில இருந்து சாயங்காலம் கிளம்பி நாகர்கோவில் வந்தேன். காவல்கிணறு தாண்டும்போதே இருட்டிட்டு. மழை அப்பதான் விட்டிருந்தது. ஆரல்வாய்மொழி காத்துல ஒண்ணும் தெரியல. தோவாளை தாண்டி வெள்ளமடம் பக்கம் வயக்காட்டு ஓரமா வாறேன், ஈசல் கூட்டம் கூட்டமா வந்து மோதுது. வைப்பரைப் போட்டதும் கண்ணாடி பூரா மோர் ஊத்தினாப்ல ஆயிட்டு. ஓரங்கட்டி நின்னு துடைச்சுட்டுத்தான் வர முடிஞ்சுது.

அடுத்தடுத்து சொந்தத்துல கல்யாணம், வண்டி வெயில்லயே நின்னுட்டு. இப்போ பானட், பம்பர், நம்பர் பிளேட், சைடு மிரர் முதுகு எல்லாத்துலயும் காய்ஞ்சு ஒட்டியிருக்கு. குழாய்த் தண்ணிய வேகமா அடிச்சதுல றெக்கை மட்டும் போச்சு. மஞ்சளும் பழுப்புமா புள்ளி அப்படியே நிக்கு. கதவுக்குக் கீழ கருப்புப் புள்ளியும் கிடக்கு. புது வண்டி. பக்கத்து வாட்டர் வாஷ் கடையில கேட்டா, "மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சாப் போயிரும்"ங்காங்க. போடலாமா?

மணக்குடி_மச்சான்:
மண்ணெண்ணெய்க்கு இப்ப எங்க போவீங்க? பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரும் சோப்பும் எடுங்க, ரெண்டு இழுப்புல போயிரும். நான் அப்படித்தான் செய்யேன். என் வண்டி 2009 மாடல், ஒண்ணும் ஆவல.

பார்வதிபுரம்_பாலிஷ்:
கோட்டாறு அண்ணே, பச்சை நாரைத் தொடாதீங்க. நான் கார் பாலிஷ் வேலைதான் பாக்கேன், நாரு போட்ட வண்டிகளை வாரம்தோறும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

பூச்சி ஒடம்புல இருந்து வாறது புரதமும் கொழுப்பும். ஈரமா இருக்கும்போது வெறும் தண்ணியிலயே போயிரும். வெயில் பட்டா பசையா இறுகி, பானட் சூட்டுல பெயிண்டோட பிடிச்சுக்கிடும். அதுமேல நாரைப் போட்டா, நாரும் கீறும், காய்ஞ்ச வண்டு ஓடும் சேர்ந்து கீறும். வெள்ளை வண்டியில அந்தக் கீறல் சட்டுன்னு கண்ணுக்குத் தெரியாது. அதனாலதான் மணக்குடி அண்ணனுக்கு "ஒண்ணும் ஆவல". ராத்திரி டார்ச் அடிச்சுப் பாருங்க, வட்டம் வட்டமாத் தெரியும்.

தேய்க்க வேண்டாம், ஊற வைக்கணும். காலையில வெயில் ஏறுமுன்ன நிழல்ல நிறுத்துங்க. பானட்டுல கைய வச்சா சூடு இருக்கப்பிடாது. முதல்ல தண்ணி அடிச்சு மண்ணு போகட்டும். ஒரு தேங்காப்பூ துண்டை இளஞ்சூட்டுத் தண்ணியில கார் ஷாம்பு கலந்து முக்கி, பிழியாம, சொட்டச் சொட்ட பம்பர் மேலயும் பானட் முன் விளிம்பு மேலயும் விரிச்சுப் போட்டிருங்க. 10 நிமிஷம். துண்டு காயுற மாதிரி இருந்தா மேல திரும்பத் தெளிங்க. எடுக்கும்போதே பாதி துண்டோட வந்திரும். மீதிய மைக்ரோஃபைபர் துணியில அழுத்தாம, ஒரே பக்கமாத் துடைங்க, துணிய மடிச்சு மடிச்சு புதுப்பக்கம் மாத்துங்க. வரலியா, சுரண்டாம இன்னொரு தடவை ஊறப்போடுங்க. இதுக்குன்னே ஸ்பிரேயும் விக்காங்க. நல்லாத்தான் இருக்கும், ஆனா பெயிண்ட் மேல காய விட்டா அதுவே கறை.

மண்ணெண்ணெய்க்கு ஈசல் கறை கரையாது. கரையுறது தார். உங்க கருப்புப் புள்ளி சக்கரத்துக்குப் பின்னாடி, கதவோட அடிப்பாகத்துலதானே இருக்கு? நாலுவழிச்சாலை வேலை நடக்குற பக்கம் போனியளா?

கோட்டாறுகாரன்:
போனேன் தம்பி, தக்கலைப் பக்கம் போயிட்டு வந்தேன். புதுசாத் தார் போட்டிருந்தாங்க. அப்போ அது பூச்சி இல்லியா!

பார்வதிபுரம்_பாலிஷ்:
கீழ உள்ளது தார்தான். அதுக்குத் தார் ரிமூவர் வாங்குங்க. மண்ணெண்ணெய்தான் கையில இருக்குன்னா துணியில கொஞ்சமா நனைச்சு அந்தப் புள்ளியில மட்டும் வச்சு, கரைஞ்சதும் துடைச்சு, உடனே ஷாம்பு போட்டுக் கழுவிருங்க. கதவு, கண்ணாடி ஓரத்து ரப்பர் பீடிங், கருப்பு பிளாஸ்டிக்ல பட வேண்டாம். ஹெட்லைட்டுல மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் எதுவுமே கூடாது. அது கண்ணாடி இல்ல, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். மேல உள்ள பூச்சு போயிட்டுன்னா மங்கிப் போவும். அங்கயும் ஈரத்துண்டுதான்.

முன் கண்ணாடி மட்டும் நிசமான கண்ணாடி, அது கொஞ்சம் தாங்கும். சோப்புத் தண்ணி தெளிச்சு, புது ஷேவிங் பிளேடைச் சாய்ச்சுப் பிடிச்சு வழிச்சாலும் கீறாது. வெளிப்பக்கத்துல ஃபிலிம் எதுவும் ஒட்டியிருந்தா பிளேடு வேண்டாம். வைப்பர் ரப்பரையும் ஈரத்துணியால துடைச்சு விடுங்க, இல்லன்னா அடுத்த மழைக்கு அதே கொழுப்பு திரும்பக் கோடு போடும்.

தேரூர்_அக்கா:
குறுக்க ஒரு சந்தேகம். எங்க வீட்டுல போர் தண்ணிதான், உப்பு கூடுதல். கழுவினா பூச்சிக்கறை போயி வெள்ளை வெள்ளையாத் திட்டு வந்திருது. இது எதுல சேத்தி?

பார்வதிபுரம்_பாலிஷ்:
அக்கா, அது தண்ணியில உள்ள சுண்ணாம்பும் உப்பும் காய்ஞ்சு நிக்குறது. தண்ணியத் தானா காய விடாம உடனே துவட்டிரணும். கடைசியா ஊத்துற ஒரு வாளிக்கு மட்டும் பைப்புத் தண்ணியோ, பிடிச்சு வச்ச மழைத்தண்ணியோ எடுத்தீங்கன்னா பெரிய வித்தியாசம் தெரியும். நம்ம ஊருக்கு ரெண்டு பருவ மழையும் உண்டு, ஒரு டிரம் வச்சாப் போதும்.

களியக்காவிளை_டூரிஸ்ட்:
நான் வேன் ஓட்டுதேன். எல்லாரும் பம்பரையே பாக்கீங்க, உள்ள பாக்க மாட்டேங்கீங்க. கிரில்லுக்குப் பின்னால ஏசி கண்டென்சர், அதுக்குப் பின்னால ரேடியேட்டர். ஈசல் காலம் முடிஞ்சா அந்த இடுக்கு பூரா றெக்கையா அடைஞ்சு கிடக்கும். காத்து உள்ள போகாது. ஏசி குளிர்ச்சி குறையும், நாகர்கோவில் டிராஃபிக்ல நிக்கும்போது இஞ்சின் சூடும் ஏறும். எஞ்சின் நல்லா ஆறின பொறவு சாதாரணக் குழாய்த் தண்ணிய மெதுவா விடுங்க. பிரஷர் கன்னைக் கிட்டக் கொண்டு போவாதீங்க. அந்த அலுமினியத் தகடு விரல் பட்டாலே மடங்கும்.

குலசேகரம்_ரப்பர்:
எங்க பக்கம் ஈசலை விட வேற தொல்லை. மழைக்கு முன்ன ரப்பர்த் தோட்டத்துல இருந்து கூட்டமா வீட்டுக்குள்ள ஏறுமே, அந்தக் கருப்பு வண்டு, நிறுத்தியிருக்க வண்டியிலயும் புகுந்துரும். வெறுங்கையால நசுக்கிராதீங்க. ஒரு நாத்த நீர் விடும், பட்ட இடம் எரிஞ்சு கருத்துப் போவும். தூத்து எடுத்துருங்க.

மார்த்தாண்டம்_பைக்:
ஹெல்மெட் வைசருக்கும் இதே துண்டு வைத்தியம்தானே?

பார்வதிபுரம்_பாலிஷ்:
அதேதான். வைசரைக் கழட்டி, சோப்புத் தண்ணியில போட்டு வச்சிட்டு, விரலாலயே தடவி எடுங்க. அமோனியா கலந்த கண்ணாடி ஸ்பிரே வேண்டாம், அதுவும் பாலிகார்பனேட்தான்.

கோட்டாறுகாரன்:
தம்பி சொன்னபடி செஞ்சாச்சு. பம்பர் சுத்தமாயிட்டு, நம்பர் பிளேட்டும் சரி. தாரும் போச்சு. பானட் நடுவுல மட்டும் நாலஞ்சு இடத்துல மங்கலா வளையம் நிக்கு. மூணாவது தடவை ஊறப்போட்டும் அசையல. இன்னும் ஊற வைக்கவா?

பார்வதிபுரம்_பாலிஷ்:
வேண்டாம், ஒரு சோதனை செய்யுங்க. மெல்லிய பாலித்தீன் கவரைக் கையில மாட்டி, கழுவின பானட் மேல விரல் நுனியால தடவுங்க. சொரசொரன்னு தட்டுப்பட்டா கறை மிச்சம் இருக்கு. கிளே பார்னு பெயிண்ட்ல ஒட்டினதை உருவி எடுக்கிற களிமண் மாதிரிக் கட்டி இருக்கு, அதைப் போட்டு எடுக்கலாம். வழுவழுன்னு இருந்து கண்ணுக்கு மட்டும் வளையம் தெரிஞ்சா, அங்க எடுக்க ஒண்ணுமில்ல. மேல்பூச்சையே அரிச்சிருக்கு.

கோட்டாறுகாரன்:
வழுவழுன்னுதான் இருக்கு.

பார்வதிபுரம்_பாலிஷ்:
அப்போ எத்தனை ஷாம்பு போட்டாலும் போகாது, பாலிஷ்தான். அந்த நிறமில்லா மேல்பூச்சு பொதுவா 40, 50 மைக்ரான்தான், நம்ம தலைமுடி கனம்கூட வராது. பாலிஷ் போடுறதுன்னா அதுல இருந்து ஒரு சொட்டு சீவி எடுக்கதுதான். அதனால பானட் பூராவும் போட விடாதீங்க, வளையம் உள்ள இடத்துல மட்டும், முதல்ல மெல்லிய பாலிஷ். அதுல போகலன்னாதான் காம்பவுண்ட், அதாவது அதைவிடச் சொரசொரப்பான பாலிஷ். கடைக்காரங்க எடுத்தவுடனே உப்புத்தாள் எடுத்தா வண்டிய எடுத்துட்டு வந்துருங்க. லேசா மிச்சம் நின்னாலும் விட்டிரலாம், வெள்ளை வண்டிதானே, நீங்க மட்டும்தான் பாப்பீங்க.

மணக்குடி_மச்சான்:
டார்ச் அடிச்சுப் பாத்தேன் தம்பி. வட்டம் வட்டமாத்தான் இருக்கு. சரி, அது கிடக்கட்டும். செராமிக் கோட்டிங் போட்டா பூச்சி ஒட்டாதுங்காங்களே, நிசமா?

பார்வதிபுரம்_பாலிஷ்:
ஒட்டும். கழுவ லேசா இருக்கும், அவ்வளவுதான். வெயில்ல நாள்கணக்கா விட்டா கோட்டிங்கையும் அரிக்கும். ராத்திரி ஹைவே ஓட்டம் அதிகம்னா பம்பருக்கும் பானட் முன்பக்கத்துக்கும் மட்டும் பிபிஎஃப், அதாவது பெயிண்டைக் காக்குற நிறமில்லா ஃபிலிம் ஒட்டுங்க, அரிச்சா ஃபிலிமோட போவும். நம்ம கோட்டாறு அண்ணன் ஓட்டத்துக்கு மெழுகு போதும். ஐப்பசி மழை தொடங்குமுன்ன ஒரு கை, நடுவுல ஒரு கை. தண்ணி மணி மணியா நிக்காம பரவி ஓடினா மெழுகு போயிட்டுன்னு வச்சுக்கிடுங்க. டிக்கியில ஒரு பாட்டில் ஷாம்புத் தண்ணியும் பழைய துண்டும் கிடக்கட்டும். வீட்டுக்கு வந்து இறங்கின உடனே, பூச்சி ஈரமா இருக்கும்போதே துடைச்சா அஞ்சு நிமிஷ வேலை.