'அடைப்பு' வேண்டாம், 'மூடல்' போதும்

வணக்கம்.

இதயத்தின் இரு மேலறைகளுக்கும் நடுவிலுள்ள தடுப்புச்சுவரில் இருக்கும் துளையை, மார்பைத் திறக்காமல் குழல் வழியாக மூடும் சிகிச்சைக்குத் தமிழ்ப்பெயராக முன்வைத்த 'வடிகுழாய்வழி இதய ஓட்டை அடைப்பு' என்ற பரிந்துரையில் இரண்டு சொற்கள் எனக்கு உறுத்துகின்றன.

முதலில் 'அடைப்பு'. ஓட்டையை அடைப்பது என்று சொல்வது இயல்புதான். ஆனால் இதயத்தோடு சேர்ந்துவிட்டால் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் வந்துவிடுகிறது. 'மூணு அடைப்பு இருக்காம்' என்றால் ரத்தக்குழாய் அடைப்பு என்றுதான் எவரும் நினைப்பார்கள். பிள்ளையின் ஒப்புதல் படிவத்தில் 'அடைப்பு' என்று படிக்கும் தாய் அதை இன்னொரு நோய் என்று எண்ணிப் பதறக் கூடாது. 'மூடல்' என்றே வைப்போம்.

அடுத்து 'வடிகுழாய்'. சிறுநீர்க் குழாய்க்கு அது சரி. இங்கே எதுவும் வடிவதில்லை. தொடை இடுக்குச் சிரையில் நுழையும் குழல், கீழ்ப்பெருஞ்சிரை வழியாக வலது மேலறைக்கு ஏறி, துளையைத் தாண்டி இடது மேலறையில் நிற்கிறது. உள்ளே ஒடுங்கிக் கிடக்கும் நிட்டினால் (நிக்கல்-டைட்டானியக் கலவை) கம்பி வலையை மெல்லத் தள்ளினால் முதலில் இடப்பக்கத் தட்டு விரியும். அது தடுப்புச்சுவரில் படியும்வரை பின்னால் இழுத்து, அப்புறம் குழலை உருவினால் நடுவிலுள்ள இடையும் வலப்பக்கத் தட்டும் விரிந்து சுவரைக் கவ்விக்கொள்ளும். எக்கோவில் (மீயொலிப் படத்தில்) சரிபார்த்த பிறகே, வலையைப் பிடித்திருக்கும் திருகைக் கழற்றி விடுவிப்பார்கள். இத்தனையும் குழலுக்குள்ளேயே நடப்பதால் 'குழல்வழி' என்பதே பொருந்துகிறது.

துளையை மூடும் இந்தக் கருவிக்குத் 'துளைமூடி' என்று சொல்லலாம். 'இரட்டைக் குடை' என்ற யோசனை, அமெரிக்க மருத்துவர்கள் கிங்கும் மில்ஸும் 1970களில் உருவாக்கிய முதல் கருவிக்குப் பொருத்தம். இன்று பெரிதும் பயன்படும் வலைக்கருவிக்குத் 'தட்டு', 'இடை' இரண்டும் போதும்.

இலங்கை நூல்களில் மேலறைக்குச் 'சோணையறை' என்ற சொல் நிலைத்திருக்கிறது. அதை அடைப்புக்குறியில் தந்துவிட்டு, நோயாளிக்கும் எளிதில் புரியும் 'மேலறை'யை முதலில் வைக்கலாம். ஆக, என் பரிந்துரை: குழல்வழி மேலறைத் துளை மூடல். நீளம்தான், ஆனாலும் 'குழல்வழி'யை விட முடியாது. சுவரின் நடுப்பகுதித் துளைகளுக்கே இம்முறை ஏற்றது. வால்வை ஒட்டியவற்றுக்கும், பெருஞ்சிரை வந்து சேரும் இடத்திலுள்ளவற்றுக்கும் பொதுவாக அறுவை சிகிச்சைதான். அதை 'அறுவைவழி' என்று பிரித்துச் சொல்லலாம்.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. கருவில் இரு மேலறைகளுக்கும் நடுவே இருந்த வழி, பிறந்த பிறகும் ஒட்டாமல் நின்றுவிடுவது ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு உண்டு. அங்கே திசு குறைவதில்லை, இரு மடிப்புகள் ஒட்டவில்லை, அவ்வளவே. அதையும் 'துளை' என்றால் தவறான அச்சம் வரும். 'மூடாக் கருநிலைத் திறப்பு' எப்படி இருக்கிறது? இதைவிடச் சுருக்கமாகத் தோன்றினால் சொல்லுங்கள்.