பார்சிலோனாவிலிருந்து ரோம் வரை: காரா, ரயிலா? (அம்மாவும் வருகிறார்)

தென்றல்வழி:
வணக்கம். ஜூன் முதல் வாரம் கிளம்புகிறோம், 15 இரவுகள். பார்சிலோனாவில் இறங்கி ரோமில் விமானம் ஏற வேண்டும். அந்த இரண்டு டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. நடுவில் உள்ளதெல்லாம் இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது.

நாங்கள் ஐந்து பேர். நான், கணவர், மகள் (10), மகன் (5), அப்புறம் என் அம்மா. அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. இருபது படி ஏறினால் உட்கார இடம் தேடுவார்.

பார்சிலோனாவில் கார் எடுத்து அவின்யோன், நீஸ், சின்க்வே தெர்ரே, ஃபுளோரன்ஸ், சியேனா பார்த்துவிட்டு ரோமில் திருப்பிக் கொடுப்பதாக நினைத்திருந்தோம். வேறு நாட்டில் விடுவதற்குக் கேட்கிற கட்டணம் வாடகையையே தாண்டுகிறது. கணவருக்கு ஓட்ட ஆசை. அம்மாவுக்கு ரயில் ஜன்னல் கிடைத்தால் போதும், நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே வருவார். இரண்டையும் சேர்க்க வழி உண்டா? பல நாட்டு ரயில்களுக்கும் ஒன்றாகச் செல்லும் யூரெயில் பாஸ் வாங்கலாமா? பெரியவர்களோடு இந்தப் பக்கம் போனவர்கள் சொல்லுங்கள்.

ஜன்னலோரம்:
நான் என் அப்பாவோடும் இரண்டு பிள்ளைகளோடும் இதே திசையில் போயிருக்கிறேன். என் கருத்து: எல்லையை ரயிலில் தாண்டுங்கள், காரை ஃபுளோரன்ஸும் சியேனாவும் இருக்கும் டஸ்கனிக்கு மட்டும் வையுங்கள்.

பார்சிலோனா சான்ட்ஸ் ஸ்டேஷனிலிருந்து மார்செய்க்கு 2023 முதல் நேரடி அதிவேக ரயில் இருக்கிறது, அவின்யோனில் நிற்கும். அவின்யோன் வரை ஏறக்குறைய நான்கு மணி நேரம். உங்கள் தேதியில் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். சான்ட்ஸில் பெட்டிகளை எக்ஸ்ரேயில் போட்ட பிறகுதான் உள்ளே விடுவார்கள், அதனால் அரை மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். பெர்பிஞ்ஞானுக்கும் நார்போனுக்கும் நடுவே தண்டவாளம் உப்பங்கழிகளுக்கு இடையில் போகும். அங்கே பிள்ளைகளைத் தூங்க விடாதீர்கள். எங்களுக்குப் பூநாரைக் கூட்டம் தெரிந்தது, அப்பா அதை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவின்யோனில் அதிவேக ரயில் நிற்பது ஊருக்கு வெளியே. அங்கிருந்து ஊருக்குள் சிறிய ரயில் உண்டு, சில நிமிடப் பயணம்தான்.

நீஸிலிருந்து இத்தாலிய எல்லை ஊரான வெந்திமில்யா வரை உள்ளூர் ரயில், சுமார் ஐம்பது நிமிடம். வலது பக்கம் உட்காருங்கள், மொனாக்கோவும் மாந்தோனும் கடலோடு வரும். ஆனால் இத்தாலிக்குள் நுழைந்ததும் நிறையச் சுரங்கம். பழைய கடலோரப் பாதையைப் பகுதி பகுதியாக, 2001-லும் 2016-லும், மலைக்குள் மாற்றிவிட்டார்கள். சான்ரெமோ ஸ்டேஷனே மலைக்குள்தான் இருக்கிறது. அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள், அந்தோரா என்ற ஊரைத் தாண்டி அலாசியோ பக்கம் கடல் திரும்ப வரும். அப்பா ஏமாந்து கண்ணை மூடிக்கொண்ட பிறகுதான் அது வந்தது, எனக்கு அது இன்றும் வருத்தம்.

சின்க்வே தெர்ரேயின் ஐந்து ஊர்களில் கொர்னீல்யாவை அம்மாவுக்காக விட்டுவிடலாம். ஸ்டேஷன் கீழே, ஊர் மேலே, நடுவில் சுமார் 380 படிகள். சிறிய பஸ் உண்டு, கூட்ட நாளில் காத்திருக்க வேண்டும். மொன்தெரோசோதான் சமதளம், ரயிலை விட்டு இறங்கினாலே கடற்கரை. மற்ற ஊர்களை அம்மா படகிலிருந்து பார்க்கட்டும். மலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் தண்ணீரிலிருந்து பார்த்தால்தான் முழுதாகத் தெரியும். தங்குவதற்குப் பக்கத்து ஊரான லெவாந்தோ நல்லது.

ஒரு விஷயம். இடம் மாறும் ஒவ்வொரு நாளும் பாதி நாள் போய்விடும். ஆறு இடத்துக்கு மேல் தங்காதீர்கள்.

மலைவளைவு:
கணவருக்கான பதில் இது. சின்க்வே தெர்ரேக்குப் பக்கத்து நகரமான லா ஸ்பெசியாவிலிருந்து ரயிலில் பீசா வாருங்கள், பீசா விமான நிலையத்தில் கார் எடுங்கள், ஃபுளோரன்ஸ் விமான நிலையத்தில் திருப்பிக் கொடுங்கள். அங்கிருந்து டிராம் நேராக ஊருக்குள் போகும். காரோடு ஃபுளோரன்ஸ் நடுப்பகுதிக்குள் நுழையவே வேண்டாம்.

காரணம், அனுமதி இல்லாத கார்கள் நுழையக் கூடாத போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மண்டலம். பலகையில் 'இசட் டி எல்' என்ற மூன்று எழுத்து, சிவப்பு வட்டம், மேலே கேமரா. டஸ்கனியில் ஒரு ஊரில் ஜி.பி.எஸ். வழிகாட்டியை நம்பி அப்படி ஒன்றைக் கடந்தேன், திரும்பி வரும்போது இன்னொரு முறை. எட்டு மாதம் கழித்து இரண்டு அபராதம் வந்தது, வாடகை நிறுவனத்தின் கட்டணம் தனி. வெளிநாட்டில் வசிப்பவருக்கு 360 நாள் வரை நோட்டீஸ் அனுப்பலாம் என்பது சட்டம். பயணம் முடிந்தது என்று நிம்மதியாக இருந்த நேரத்தில் வந்து சேர்ந்தது. தங்கும் இடம் கோட்டைச் சுவருக்குள் இருந்தால், கார் எண்ணைப் பதிந்து தருவார்களா என்று முன்பே கேளுங்கள்.

உங்கள் லைசென்ஸ் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வாங்கியது என்றால் பெரும்பாலும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி அவசியம். 150 செ.மீ.க்குக் குறைந்த பிள்ளைகளுக்குத் தனி இருக்கை வேண்டும், உங்கள் மகளுக்கும் சேர்த்துப் பாருங்கள். சுங்கச்சாவடியில் மஞ்சள் நிற டெலிபாஸ் வழியில் (தானியங்கிக் கட்டணக் கருவி வைத்திருப்பவர்களுக்கானது) நுழையாதீர்கள். ஐந்து பேர், ஐந்து பெட்டி என்றால் சாதாரண கார் போதாது.

மூன்றாம் பிளாட்பாரம்:
பாஸ் வேண்டாம். பெரியவர் பாஸ் வைத்திருந்தால் 4 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு இலவசம் என்பது உண்மைதான். ஆனால் அதிவேக ரயிலில் ஒவ்வொருவருக்கும் இருக்கை முன்பதிவுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும், பிரான்சில் பாஸ்காரர்களுக்கு ஒதுக்கும் இடமும் குறைவு. உங்கள் வழியில் நீண்ட ரயில் மூன்று நான்குதான். அவற்றை முன்கூட்டியே தனித்தனியாக எடுத்தால் மலிவு. இத்தாலியில் உள்ளூர் ரயிலுக்குக் காகித டிக்கெட் என்றால் ஏறுவதற்கு முன் ஸ்டேஷனில் உள்ள இயந்திரத்தில் முத்திரை குத்த மறக்காதீர்கள்.

அம்மாவுக்காக இன்னொன்று: இத்தாலியின் முக்கிய ஸ்டேஷன்களில் 'சாலா ப்ளூ' என்ற இலவச உதவிச் சேவை இருக்கிறது. முன்பே பதிந்தால் சக்கர நாற்காலியோடு வந்து ரயிலில் ஏற்றிவிடுவார்கள். வேலைநிறுத்த அறிவிப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நாளிலும் வார நாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை உத்தரவாத ரயில்கள் ஓடும்.

தென்றல்வழி:
எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இரவே உட்கார்ந்து மாற்றிவிட்டோம்: பார்சிலோனா 3, அவின்யோன் 2, நீஸ் 3, லெவாந்தோ 2, சியேனாவுக்குத் தெற்கே பண்ணை வீட்டில் 3, ரோம் 2. ஃபுளோரன்ஸில் தங்கவில்லை. கார் கொடுக்கும் திங்கட்கிழமை மாலைவரை அங்கே இருந்து, மகள் ஆசைப்படும் டேவிட் சிலையைப் பார்த்துவிட்டு ரோம் ரயிலைப் பிடிக்கிறோம். பூநாரை என்றதும் அம்மா ஜன்னல் இருக்கைக்கு இப்போதே துண்டு போட்டுவிட்டார்.

ஜன்னலோரம்:
திங்கட்கிழமை வேண்டாம் சகோதரி, டேவிட் இருக்கும் அக்காதெமியா அன்று மூடியிருக்கும். லெவாந்தோவில் ஒரு இரவைக் கூட்டி நீஸில் ஒன்றைக் குறைத்தாலும் திங்கள் திங்களாகத்தான் இருக்கும். நீஸை அப்படியே விட்டு, பண்ணை வீட்டில் ஒரு இரவைக் கூட்டி ரோமில் ஒன்றைக் குறையுங்கள், செவ்வாய் வந்துவிடும். தேதி முடிவானதும் நேரம் குறித்த டிக்கெட்டை உடனே எடுத்துவிடுங்கள், ஜூனில் வரிசை தெருமுனை வரை நிற்கும்.