கூட்டாட்சி ஊழியரின் வழக்கில் பிரதிவாதி யார்?

கேள்வி: அமெரிக்கக் கூட்டாட்சித் துறை ஒன்றில் பணிபுரியும் எனக்கு இனப் பாகுபாட்டால் பதவி உயர்வு மறுக்கப்பட்டது. மேலதிகாரியின் மீதே கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாமா?

பதில் 1: இயலாது, ஐயா. 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தின் ஏழாம் பிரிவின்படி துறைத் தலைவரே, அதுவும் பதவியின் பொருட்டு, பிரதிவாதி ஆவார். ஆகவே உங்களை ஒருமுறைகூடப் பார்த்திராத ஒருவரின் பெயர்தான் வழக்கின் தலைப்பில் நிற்கும். இத்தகைய பாகுபாட்டுக்குக் கூட்டாட்சி ஊழியருக்கு அச்சட்டமே ஒரே வழி என்று 1976இல் பிரவுன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

பதில் 2: நாள் கணக்கில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சம்பவம் நடந்த 45 நாட்களுக்குள் துறையின் சமவாய்ப்பு ஆலோசகரை அணுக வேண்டும்; பின்னர் துறையின் இறுதி முடிவு கைக்கு வந்த 90 நாட்களுக்குள் வழக்குத் தொடர வேண்டும். கடித உறையின் மீதே வந்த தேதியைக் குறித்து வையுங்கள்.

கேட்டவர்: மறுப்புக் கடிதம் வந்து 38 நாட்கள் ஆகிவிட்டன. நாளைக் காலையே ஆலோசகரைச் சந்திக்கிறேன்.