காடிக் கடன் முடிந்தும் சிக்ரிஸ்-இல் பாக்கி காட்டுகிறது: வழி சொல்லுங்கள்

வணக்கம். செந்தூலில் இருக்கிறேன். 2018-இல் எடுத்த மைவி காடியின் ஹயர் பர்சேஸ் கடனை இந்த மார்ச்சில் முழுவதும் கட்டி முடித்தாச்சு. செட்டல்மென்ட் கடிதம் கையில் இருக்கிறது. ஜேபிஜே-யிலும் (சாலைப் போக்குவரத்துத் துறை) பேங்க் பெயரை எடுத்தாச்சு. ஆனால் சிக்ரிஸ் (மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் கடன் பதிவு) அறிக்கையில் அந்தக் கணக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது. முந்தைய மாதங்களுக்கெல்லாம் 0, அப்புறம் 1, 2. அதாவது இரண்டு மாதப் பாக்கியாம்! வீட்டு லோன் இதனால்தான் நின்றுபோனது.

கிளையில் கேட்டால் "சிஸ்டம் தானா அப்டேட் ஆகும்" என்கிறார்கள். புகார்ப் பிரிவுக்குக் கடித நகலோடு மின்னஞ்சல் அனுப்பினேன். புகார் எண் வந்தது, அதற்குமேல் சத்தமில்லை. தகவல் கொடுத்த பேங்க்தான் அதைத் திருத்த வேண்டும், பேங்க் நெகாரா தானாகத் திருத்தாது என்பது தெரியும். மச்சான் ஏகேபிகே-க்கு (கடனில் தவிப்பவர்களுக்கு ஆலோசனை தரும் அமைப்பு) போகச் சொல்கிறார். அங்கே போய் என்ன சொல்வது, எனக்குத்தான் கடனே இல்லையே. சிக்ரிஸ் 12 மாதக் கணக்கைத்தான் காட்டும், பொறுத்திரு என்கிறார்கள் சிலர். வீடு விற்பவர் பொறுக்க வேண்டுமே.

இதே சிக்கலில் மாட்டி வெளியே வந்தவர்கள் சொல்லுங்கள்: அடுத்து பேங்க் நெகாராவின் பொதுமக்கள் சேவைப் பிரிவான பிஎன்எம் லிங்க்-இல் புகார் போடுவதா, நிதி ஓம்பட்ஸ்மேனிடம் (பேங்க் தகராறுகளைத் தீர்க்கும் அமைப்பு) போவதா, உங்களுக்கு எது சீக்கிரம் வேலை செய்தது?