மறு: ‘செயற்கை நிலநடுக்கம்’ சரியா?

> 1965-இல் வந்த ‘கிராக் இன் தி வேர்ல்ட்’ படத்துக்குத் தமிழில் துணைவசனம் எழுதுகிறேன். மனிதர் செயலால் வரும் நடுக்கத்தைச் ‘செயற்கை நிலநடுக்கம்’ எனலாமா?

வேண்டாம் என்பது என் கட்சி. செயற்கைக்கோள், செயற்கைப் பல் என்னும்போது முழுக்க நாமே செய்த பொருளைச் சொல்கிறோம். நிலநடுக்கம் அப்படி இல்லை. வெளிப்படும் ஆற்றலில் பெரும்பங்கு பாறையில் நெடுங்காலமாக ஏறிக் கிடந்த தகைவிலிருந்து, அதாவது உள்ளழுத்தத்திலிருந்து, வருவது. நாம் கொடுப்பது கடைசி நெருக்கல்.

படத்திலேயே சண்டை இதுதானே? புவிவெப்ப ஆற்றலுக்காக ஆழ்துளைக்குள் அணுகுண்டை இறக்குகிறார் விஞ்ஞானி சோரென்சன். முந்தைய நிலத்தடி அணுச் சோதனைகளால் புவியின் மேலோடு ஏற்கெனவே விரிசல் கண்டிருக்கிறது என்று சக விஞ்ஞானி ராம்பியன் தடுக்கிறார். முடிவில் பூமியின் ஒரு துண்டு பிய்ந்து இரண்டாம் நிலவாகிறது. அது சுத்த அபத்தம், ஆனால் பார்க்க ஜோர்! ராம்பியனின் கவலை மட்டும் அபத்தமில்லை.

அதே 1965-இல் அமெரிக்காவின் டென்வரில் டேவிட் எவன்ஸ் என்ற புவியியலாளர் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். ராணுவ வேதித் தொழிற்சாலை ஒன்று 1962 முதல் தன் கழிவுநீரை மூன்றரை கிலோமீட்டருக்கும் ஆழமான கிணற்றில் செலுத்திவந்தது. நீர் அதிகம் போன மாதங்களில் நடுக்கமும் அதிகம். பாறையின் நுண்துளைகளில் நீரழுத்தம் ஏற, பிளவின் இரு முகங்களையும் இறுக்கிப் பிடித்த உராய்வு தளர்ந்து, பாறை நழுவுகிறது. 1966-இல் செலுத்துவதை நிறுத்தினார்கள். பெரிய நடுக்கங்கள் வந்ததோ அதற்கும் பிறகு, 1967-இல். அழுத்தம் ஆழத்தில் பரவிக்கொண்டே இருந்திருக்கிறது.

நம் பக்கத்துக் கதை மகாராஷ்டிரத்தின் கொய்னா. அணை நீர் தேங்கத் தொடங்கிய சில ஆண்டுகளில், 1967 டிசம்பர் 11-இல், 6-க்கு மேற்பட்ட அளவில் நிலநடுக்கம், பெருத்த உயிர்ச்சேதம்.

துறைக்குள் இரு வகை பிரிப்பார்கள். தகைவையே பெருமளவு மனிதச் செயல் உண்டாக்கினால் ஒன்று; தயாராக நின்ற பிளவை அது தட்டிவிட்டால் இன்னொன்று. மின்காந்தத் தூண்டல் படித்தவர்களுக்குப் பழகிய சொல் என்பதால் முதல் வகைக்குத் ‘தூண்டல் நிலநடுக்கம்’ இருக்கட்டும். இரண்டாவதற்கு என் பரிந்துரை: உசுப்பு நிலநடுக்கம்.

> ‘உசுப்பு’ கொச்சையாகத் தொனிக்கிறதே. ‘கிளர் நிலநடுக்கம்’ எப்படி?

‘கிளர்’ அழகுதான். ஆனால் தானாகக் கிளர்ந்ததா, பிறர் கிளப்பியதா என்பது அதில் தெரியாது. உசுப்ப இன்னொருவர் வேண்டும். உசுப்பப்படுவதும் முன்பே அங்கே இருக்க வேண்டும். கொய்னாவுக்கு இரண்டும் பொருந்துகிறது. துணைவசனத்தில் இந்தப் பாகுபாடெல்லாம் ஓடாது, இரண்டு வரிதான் இடம். அங்கே ‘குண்டு நிலநடுக்கத்தை உசுப்பிவிடும்’ என்றே போடுங்கள்.