வாஷிங்டன் மாநிலத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: தேர்தல் புத்தகம், கையெழுத்து, 129 ஓட்டு

ரெட்மண்ட், பெல்வியூ, பாத்தெல் பக்கம் புதிதாகக் குடிவந்தவர்கள் கேட்கும் கேள்வி இது: "எனக்கு ஓட்டே இல்லை, தேர்தல் புத்தகம் மட்டும் தபாலில் வருகிறதே?" அது வீட்டுக்கு வீடு அனுப்பும் வாக்காளர் கையேடு. உங்கள் பெயர் பட்டியலில் ஏறிவிட்டதோ என்று பதற வேண்டாம்.

பதற வேண்டிய இடம் வேறு. ஹெச்1பி, எல்1 போன்ற வேலை விசாவில் இருப்பவர்களுக்கு மட்டுமல்ல, கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மாநிலத் தேர்தலில் ஓட்டு கிடையாது. லைசென்ஸ் எடுக்கும்போது "வாக்காளராகப் பதிய வேண்டுமா?" என்று கேட்டால் சும்மா தலையாட்டிவிடாதீர்கள். குடிமகன் என்று தவறாகச் சொன்னதாகப் பதிவானால் நாடு கடத்தும் வரை போகலாம். விசாவில் இருப்பவர்கள் வேட்பாளருக்கு நன்கொடையும் தரக் கூடாது. கிரீன் கார்டு வந்தபின் தரலாம்.

இங்கே கவர்னர் டெல்லியிலிருந்து வருகிறவர் மாதிரி இல்லை. கிட்டத்தட்ட நம் முதல்வருக்குள்ள அதிகாரம், ஆனால் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகஸ்டில் நடக்கும் பிரைமரியில், அதாவது முதல் சுற்றுத் தேர்தலில், எல்லாக் கட்சியினரும் ஒரே பட்டியலில் இருப்பார்கள். முதல் இரண்டு பேர் நவம்பர் இறுதித் தேர்தலுக்குப் போவார்கள், இருவரும் ஒரே கட்சியாக இருந்தாலும் சரி. 2024இல் கவர்னர் பதவிக்கு பாப் ஃபெர்குசன் மனு போட்டதும் அதே பெயரில் இன்னும் இருவர் மனு போட்டார்கள், பிறகு விலகிக்கொண்டார்கள். அதே வருடம் ராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வங்கள் வரிசையாக நின்றதைப் பார்த்த நமக்கு இதெல்லாம் பழகிய வித்தைதான்.

"ஒரு ஓட்டில் என்ன ஆகப்போகிறது" என்பவர்களிடம் 2004 கவர்னர் தேர்தல் கதையைச் சொல்லுங்கள். சுமார் 28 லட்சம் ஓட்டு. முதல் எண்ணிக்கையில் குடியரசுக் கட்சியின் டினோ ராஸி 261 ஓட்டு முன்னிலை. இயந்திரத்தில் மறுபடி எண்ணியபோது அது 42 ஆகச் சுருங்கியது. ஜனநாயகக் கட்சி பணம் கட்டிக் கையால் எண்ண வைத்ததில் கிறிஸ்டின் கிரெகுவார் 129 ஓட்டில் முந்திவிட்டார். இடையில் கிங் கவுன்டியில் (கவுன்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) தவறாக ஒதுக்கித் தள்ளப்பட்ட நூற்றுக்கணக்கான ஓட்டுகள் வெளியே வந்தன. பல வாக்காளர்களின் கையெழுத்து கணினியில் ஏறாததால் ஒப்பிட்டுப் பார்க்க முடியாமல் போனவை அவை. எண்ணலாம் என்று மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. ராஸி தரப்பு தொடுத்த வழக்கு 2005 ஜூனில் தள்ளுபடியானது. 2008இல் இருவரும் மறுபடி மோதினார்கள், அப்போது இவ்வளவு இழுபறி இல்லை.

ஒருவர், குடியுரிமை வாங்கியாச்சு, முதல் ஓட்டுக்கு என்ன கவனிக்கணும் என்று கேட்டிருக்கிறார். கையெழுத்துதான். இங்கே ஓட்டுச்சீட்டு தபாலில் வீட்டுக்கு வரும். அதைத் திருப்பி அனுப்பும் உறையில் போடும் கையெழுத்தைப் பதிவில் உள்ளதோடு ஒப்பிடுவார்கள். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என்று மாற்றி மாற்றிப் போடுகிறவர்கள் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். ஒத்துப்போகவில்லை என்று கவுன்டியிலிருந்து கடிதம் வந்தால் உடனே பதில் போடுங்கள், சரிசெய்ய வாய்ப்பு தருவார்கள். அப்புறம், தபால்தலை தேவையில்லை. ஆனால் தேர்தல் நாளுக்குள் அஞ்சல் முத்திரை விழ வேண்டும். கடைசி நாள் மாலை தபால் பெட்டியை நம்பாமல், இரவு 8 மணிக்குள் நூலகம் பக்கத்திலோ வேறெங்கோ இருக்கும் ஓட்டுப் பெட்டியில் நேரே போட்டுவிடுங்கள்.